தேறுதலும் நாடுதலும்: திருக்குறளின் முடிவெடுப்பு நெறியும் வாக்குப்பதிவு எந்திரமும்

முன்னுரை

திருக்குறளை முன்வைத்துப் பகுத்தறிவு குறித்து எழுதப்பெற்ற ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு குறட்பாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒரு செய்தி எவரிடமிருந்து வந்தாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்பது ஒன்று (423). ஒரு பொருள் எவ்வாறு தோன்றினாலும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பது மற்றொன்று (355). இவ்விரண்டும் அறிவு இன்னது என வரையறுக்கின்றன. ஆனால் உண்மையை முழுதும் காண இயலாத நிலையிலும் ஒருவர் முடிவெடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் நேரும்போது செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு இவை விடை கூறவில்லை. அவ்விடை பொருட்பாலின் அரசியல் அதிகாரங்களில் உள்ளது.

அவ்வதிகாரங்கள் அண்மைக் காலத்தில் மேலாண்மையியல் நோக்கில் மிகுதியும் பயிலப்படுகின்றன. எனினும் அப்பயிற்சி, ஒவ்வொரு குறளையும் தனித்தனிப் பொன்மொழியாகப் பிரித்தெடுத்து அலுவலகச் சூழலுக்குப் பொருத்திக் காட்டுவதோடு அமைகின்றது. தம்முள் முரணுவனபோல் தோன்றும் குறட்பாக்களை ஒருங்கே வைத்து நோக்கினால் மட்டுமே வள்ளுவரின் நெறி ஒரு முறைமையாக விளங்கும். அம்முறைமை இன்றைய தொழில்நுட்பம் குறித்த முடிவுகளுக்கு எந்த அளவு துணை செய்யும், எவ்விடத்தில் போதாததாகும் என்பதை மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேறுதல் பற்றிய மூன்று அதிகாரங்கள்

நம்பிக்கைக்குரியவரைத் தேர்தல் குறித்துத் தெரிந்து தெளிதல் (51), தெரிந்து வினையாடல் (52), ஒற்றாடல் (59) ஆகிய மூன்று அதிகாரங்கள் பேசுகின்றன. இவற்றுள் முதலதிகாரத்தின் இறுதிக் குறள் இருவகைத் தவறுகளைச் சுட்டுகின்றது. ஆராயாமல் ஒருவரைத் தேறுவது ஒரு தவறு. ஆராய்ந்து தேறிய பின்னர் அவர்பால் ஐயுறுவது மற்றொரு தவறு. இரண்டும் நீங்காத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர் (510). அடுத்த அதிகாரத்திலும் இக்கருத்தின் தொடர்ச்சி உண்டு. இச்செயலை இக்கருவியால் இவர் முடிப்பார் என ஆராய்ந்த பின், அச்செயலை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்கிறது ஒரு குறள் (517).

ஆயின் அதே அதிகாரத்தின் இறுதிக் குறள், வினைசெய்வாரை மன்னன் நாள்தோறும் ஆராய்ந்துவர வேண்டும் என்று கூறுகின்றது. அவர்கள் கோணாதிருப்பின் உலகம் கோணாது என்பது அதற்குக் கூறப்படும் காரணம் (520). விட்டுவிடுக என்பதும் நாள்தோறும் நாடுக என்பதும் ஒன்றற்கொன்று முரணுவனபோல் தோன்றுகின்றன. ஐயுறுதலுக்கும் நாடுதலுக்கும் இடையே வள்ளுவர் வேறுபாடு காண்கிறார் எனக் கொண்டால் இம்முரண் நீங்கும். ஐயுறுதல் ஆளைப் பற்றியது, சான்றின்றியும் எழக்கூடியது. நாடுதல் செயலைப் பற்றியது. முறையாக, எல்லார்மாட்டும் ஒருதன்மையாக நிகழ்வது. நாள்தோறும் நாடப்படுபவர் தாம் ஐயுறப்படுவதாகக் கருத வேண்டியதில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படையாகும்.

நாடும் வழியை ஒற்றாடல் அதிகாரம் கூறுகின்றது. ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக்கொண்டு சரிபார்க்க வேண்டும் (588). ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளப்பட வேண்டும். அவ்வாறு அறியாத மூவரின் சொல் ஒத்திருப்பின் அது தேறத்தக்கது (589). சான்றுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் தற்சார்பே தெளிவைத் தருவது என்பது இதனால் பெறப்படுகின்றது.

எந்திரம் வந்த வழி

வாக்குப்பதிவு எந்திரம் தொடர்பான முடிவுகள் பலவும் தலைநகர் தில்லியில், நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அசோகா சாலையிலுள்ள தேர்தல் ஆணையத் தலைமையகம் ஆகிய மூன்று இடங்களில் எடுக்கப்பட்டன. 1982-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் எந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த ஆணையிட்டது. எந்திரம் பிழையானது என்பது அத்தீர்ப்பின் காரணமன்று. அதனைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதே காரணம். 1988-இல் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் 1989 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்தது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராசசுத்தான், தில்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளில் எந்திரம் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. அவற்றுள் 6 தில்லியைச் சேர்ந்தவை. 2001-இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தலிலும், 2004-இல் மக்களவையின் 543 தொகுதிகளிலும் எந்திரமே முழுமையாகப் பயன்பட்டது.

ஒரு கருவியை ஏற்பதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட இம்முறை தெரிந்து செயல்வகை அதிகாரம் (47) கூறும் நெறியோடு இயைவதாகும். அழிவது, ஆவது, ஆகிப் பின் பயப்பது ஆகிய மூன்றையும் எண்ணிச் செயலில் இறங்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து (461). எந்திரத்தால் ஆவன பல. முத்திரை பிழைபட்டு வாக்குச் செல்லாமற்போகும் நிலை நீங்கியது. நிமிடத்திற்குச் சில வாக்குகளே பதிவாகும் அமைப்பினால், சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளைக் குவிக்கும் வன்முறை கடினமாயிற்று. அழிந்தது ஒன்று. வாக்குச்சீட்டை எண்ணும் மேசையருகே நின்று எழுத்தறியாதவரும் தம் கண்ணால் காணக்கூடியதாக இருந்த எண்ணிக்கை, எந்திரத்தின் உள்ளே நிகழ்வதாக மாறியது. குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுதியானதைக் கொள்க என்னும் நெறிப்படி (504), குணம் மிக்கதாகவே எந்திரம் ஏற்கப்பட்டது எனலாம். எனினும் ஏற்றபின்னும் அக்குற்றம் எஞ்சியே நின்றது.

நால்வகைச் சோதனை

அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின் திறத்தால் ஒருவரை ஆராய்ந்து தேற வேண்டும் என்கிறது திருக்குறள் (501). பரிமேலழகர் இந்நான்கையும் அரசன் தன் ஆட்களைக்கொண்டு நிகழ்த்தும் சோதனைகளாக விரித்துரைக்கின்றார். இது அர்த்தசாத்திரம் கூறும் சோதனை முறையோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒருவர் இயல்பான சூழலில் நேர்மையாக இருக்கின்றாரா என்பதை இச்சோதனைகள் ஆராய்வதில்லை. அவரை வழுவச் செய்யும் நோக்குடைய ஒருவர் முயன்றால் வழுவுவாரா என்பதையே ஆராய்கின்றன.

இவ்வேறுபாடு எந்திரத்திற்கும் பொருந்தும். வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைக் கொண்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தப்படுகின்றது. எந்திரம் அந்நேரத்தில் செம்மையாக இயங்குகின்றது என்பதை அது காட்டும். தீய நோக்குடைய ஒருவரின் முயற்சியை எந்திரம் தாங்குமா என்பதை அது காட்டாது. அதனைக் காட்டவல்லது, எந்திரத்தை வழுவச் செய்ய முயலும் உரிமை பெற்ற தற்சார்பான வல்லுநரின் சோதனையே ஆகும்.

2010-இல் அரிபிரசாத், அலெக்சு ஆல்டர்மன், ரோப் கோங்கிரைப் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஓர் இந்திய வாக்குப்பதிவு எந்திரத்தை ஆராய்ந்து, அதனைக் கையில் பெறுவோர் அதன் உறுப்புகளை மாற்றி முடிவைத் திரிக்க இயலும் எனக் காட்டினர். எந்திரத்தை எவரும் தனியே கைக்கொள்ள இயலாதவாறு காவலும் முத்திரையும் உள்ளன என்பது ஆணையத்தின் மறுமொழி. அம்மறுமொழி புறந்தள்ளத்தக்கதன்று, ஒரு கருவியின் பாதுகாப்பில் அதனைச் சூழ்ந்த நடைமுறைக்கும் பங்குண்டு. ஆயினும் அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் அரிபிரசாத், அவ்வெந்திரம் அவரிடம் வந்த வழி தொடர்பான வழக்கில் கைது செய்யப்பட்டார். பின்னர் பிணையில் வந்தார். முறைப்படி எந்திரம் பெற்று ஆராய வழியிருந்திருப்பின் இவ்வழக்கிற்கு இடமிருந்திராது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாமலும் கெடுவான் என்னும் குறட்கருத்து (448) ஈண்டு எண்ணத்தக்கது.

மறுபுறத் தவறும் தில்லியிலேயே நிகழ்ந்தது. 2017 மே 9 அன்று தில்லிச் சட்டப்பேரவையில் உறுப்பினர் ஒருவர், வாக்குப்பதிவு எந்திரத்தைப் போன்ற ஒரு கருவியைக்கொண்டு முடிவைத் திரித்துக் காட்டினார். அது ஆணையத்தின் எந்திரமன்று. தாமே செய்த கருவி தாம் விரும்பியவாறு இயங்கும் என்பது ஆணையத்தின் எந்திரத்தைப் பற்றி எதனையும் மெய்ப்பிப்பதில்லை. ஆராயாமல் தேறுதல் தவறாயின் ஆராயாமல் ஐயுறுதலும் தவறே. அதே ஆண்டு சூன் 3 அன்று ஆணையம் தில்லியில் விடுத்த அறைகூவலுக்கு இரண்டு கட்சிகளே முன்வந்தன. அவையும் எந்திரத்தைத் திரிக்க முயலவில்லை. எந்திரத்தைத் திறந்து உறுப்புகளை மாற்ற அங்கு இசைவு தரப்படவில்லை. ஆதலின் அந்நிகழ்ச்சியால் ஐயுற்றோரும் தெளிவு பெறவில்லை; தேறியோரும் புதுச்சான்று பெறவில்லை.

இரண்டாம் ஒற்று

வாக்காளர் தாம் அளித்த வாக்கைக் காகிதச் சீட்டில் கண்டு சரிபார்க்க உதவும் விவிபாட் கருவி, 588-ஆம் குறள் கூறும் இரண்டாம் ஒற்றினை ஒத்தது. 2011 சூலையில் தில்லி உள்ளிட்ட ஐந்து இடங்களில் இக்கருவி களச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று, சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம், நீதிபதி இரஞ்சன் கோகோய் ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது எனத் தீர்ப்பளித்தது. டிசம்பரில் நடந்த தில்லிச் சட்டமன்றத் தேர்தலில் புதுதில்லித் தொகுதி இக்கருவியைக் கண்டது.

சின்னமும் பெயரும் அச்சிடப்பட்ட சீட்டு ஏழு நொடிகள் கண்ணாடிச் சாளரத்தில் தோன்றிப் பின் பெட்டியுள் விழுகின்றது. எந்திரத்தின் எண்ணிக்கை முதற்சான்று; பெட்டியிலுள்ள சீட்டு இரண்டாம் சான்று; வாக்காளரின் கண் மூன்றாம் சான்று. ஆயின் 589-ஆம் குறள் விதிக்கும் நிபந்தனை, சான்றுகள் ஒன்றையொன்று அறியாதிருத்தல் ஆகும். அச்சிடும் கருவியும் எண்ணும் கருவியும் ஒரே கம்பித் தொடர்ச்சியில் இணைந்தவை. ஆதலின் அவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட சான்று வாக்காளரின் கண் ஒன்றே. அக்கண் கண்டதைப் பின்னர் எண்ணிக்கையோடு இணைப்பது, சீட்டுகளை எண்ணும்போதே நிகழும். சீட்டு அச்சாகி எண்ணப்படாது கிடக்குமாயின், ஒற்றனை அனுப்பி அவன் சொல்லைக் கேளாதிருத்தலை ஒக்கும்.

எத்தனை எந்திரங்களின் சீட்டுகளை எண்ணுவது என்பதே அடுத்து எழுந்த வினா. தேர்தல் ஆணையம் கேட்டுக்கொண்டதற்கிணங்க இந்தியப் புள்ளியியல் நிறுவனம் சார்ந்த குழு 2019-இல் அளித்த அறிக்கை, நாடு முழுமைக்கும் 479 எந்திரங்களைச் சரிபார்த்தால் போதுமெனக் கூறியது. எதிர்க்கட்சிகள் 50 விழுக்காடு கோரின. 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் ஐந்து எந்திரங்கள் என்று ஆணையிட்டது.

இவ்விடத்தில் எண்ணிக்கையைவிட வினாவே முதன்மையானது. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கருதி, பரவலான பிழை உண்டா என வினவினால் சில நூறு எந்திரங்கள் போதும். ஆனால் வெற்றியும் தோல்வியும் தொகுதிதோறும் தனித்தனியே முடிவாகின்றன. 200 எந்திரங்களுள்ள ஒரு சட்டமன்றப் பகுதியில் 10 எந்திரங்கள் மட்டும் பிழைபட்டிருப்பதாகக் கொள்வோம். குலுக்கலில் எடுக்கப்படும் ஐந்தனுள் அவற்றில் ஒன்றேனும் அகப்படாமற்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 77 விழுக்காடு. பிழை பல தொகுதிகளிலும் பரவியிருப்பின் இதே ஐந்து, நாடு முழுமைக்கும் 20,000-க்கு மேலாகத் திரண்டு, அதனை எளிதில் வெளிப்படுத்திவிடும். ஆகவே எவ்வளவு ஆராய்வது என்பதை எதனை அறிய ஆராய்கின்றோம் என்பதே முடிவு செய்ய வேண்டும். ஐம்பது விழுக்காடு, ஐந்து எந்திரங்கள் ஆகிய இரண்டும் இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பாமலே வாதிடப்பட்ட எண்களாகும்.

தேறிய பின் நாடுதல்

2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா ஆகியோரின் அமர்வு, எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க மறுத்தது. அதுவரை 4 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒப்பிடப்பட்ட நிலையில், ஒருவருக்கு அளித்த வாக்கு மற்றொருவருக்குச் சென்றதாகக் கண்டறியப்படவில்லை என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. ஓர் அமைப்பின் கூறுகளைக் கண்மூடித்தனமாக ஐயுறுவது தேவையற்ற அவநம்பிக்கையை வளர்க்கும் என நீதிபதி தத்தா தம் தனித்தீர்ப்பில் கருத்துரைத்தார். இது 510-ஆம் குறளின் இரண்டாம் பகுதியோடு ஒத்துச் செல்வது.

எனினும் அதே தீர்ப்பு இரண்டு புதிய கட்டளைகளையும் இட்டது. சின்னங்களை விவிபாட் கருவியில் ஏற்றும் கருவிகளை முடிவு வெளியான பின் 45 நாள்கள் முத்திரையிட்டு வைத்திருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் ஏழு நாள்களுக்குள் எழுத்து வழி கோரினால், ஒரு சட்டமன்றப் பகுதியின் 5 விழுக்காடு எந்திரங்களின் நினைவக நுண்கட்டுப்படுத்தியைப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். ஐயுறுதலைக் கண்டித்த தீர்ப்பே நாடுதலுக்கு வழியும் வகுத்தது. 510, 520 ஆகிய குறட்பாக்கள் தம்முள் முரணாதவாறே இத்தீர்ப்பின் இரு பகுதிகளும் முரணவில்லை.

மனிதரைத் தேறுதலுக்கும் எந்திரத்தைத் தேறுதலுக்கும் இடையே ஒரு வேறுபாடும் உண்டு. தேறப்பட்ட மனிதர் ஐயுறப்பட்டால் மனம் நோவார். அந்நோவே அவரைப் பகைவராக்கவும் கூடும். தேறிய பின் ஐயுறுதல் துன்பம் தரும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். எந்திரத்திற்கு நோவு இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அது புதிதாக ஆயத்தம் செய்யப்படுவதால், முன்னைத் தேர்தலின் தெளிவு பின்னைத் தேர்தலுக்குச் சான்றாகாது. ஆதலின் எந்திரத்தைப் பொறுத்தவரை 517-ஆம் குறளைக் காட்டிலும் 520-ஆம் குறளே முதன்மை பெற வேண்டும்.

தேறத்தக்க பொருளின் எல்லை

ஆராய்ந்த பின், ஒருவர் எச்செயலுக்குத் தக்கவரோ அச்செயலுக்கே அவரைத் தேற வேண்டும் என்பதும் வள்ளுவர் கருத்து (509). வாக்குப்பதிவு எந்திரம் ஒரே செயலைச் செய்வது. அதனால் இவ்வெல்லை அதன்வழிப் புலப்படுவதில்லை. தில்லிக் காவல்துறை பயன்படுத்தும் முக அடையாளக் கருவியின்வழி அது புலப்படும். காணாமற்போன குழந்தைகளைக் கண்டறியும் பொருட்டே அக்கருவி தில்லி உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக வந்தது. அதன் துல்லியம் 2 விழுக்காட்டளவே என 2018-இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் நிகழ்ந்த வன்முறைக்குப் பின், முக அடையாள மென்பொருளின் துணையால் 1,100-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டதாக உள்துறை அமைச்சர் மார்ச்சு மாதம் மக்களவையில் கூறினார்.

குழந்தையைத் தேடுகையில் கருவி தவறினால் தேடல் தொடரும். குற்றவாளியைத் தேடுகையில் தவறினால் ஒருவரின் விடுதலை பறிபோகும். ஒரு செயலுக்கென ஆராயப்பட்ட கருவியை, தவறின் விலை வேறான மற்றொரு செயலுக்கு ஈடுபடுத்தும்போது ஆராய்ச்சியும் புதிதாகத் தொடங்க வேண்டும். வாக்குப்பதிவு எந்திரத்திற்கு இருபதாண்டுகளும் நாடாளுமன்றச் சட்டமும் பல தீர்ப்புகளும் தேவைப்பட்ட நாட்டில், இக்கருவி அதற்கெனத் தனிச்சட்டம் எதுவுமின்றியே ஒரு செயலிலிருந்து மற்றொன்றிற்கு மாறியது.

ஆராய்பவர் யார்

திருக்குறள் நெறியின் எல்லையும் ஈண்டுச் சுட்டத்தக்கது. அதில் ஆராய்பவன் மன்னன். தேறப்படுபவர் அவன்கீழ் வினைசெய்வோர். குடிமக்கள் ஆராய்வோராகக் கூறப்படவில்லை. மக்களாட்சியில் ஆளும் உரிமை குடிமக்களுடையதாதலின், மன்னனுக்குரிய நாடுதலும் அவர்களுக்கு உரியதாதல் வேண்டும். 2009 மார்ச்சு 3 அன்று செருமனியின் அரசமைப்பு நீதிமன்றம், சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் இன்றியமையாப் படிநிலைகளைத் தானே சரிபார்க்க இயல வேண்டும் எனக் கூறி, அந்நாட்டில் அதுவரை பயன்படுத்தப்பட்ட வாக்கு எந்திரங்கள் அரசமைப்புக்கு ஒவ்வாதவை எனத் தீர்ப்பளித்தது. எந்திரத்தில் மோசடி நிகழ்ந்தது என்பது அத்தீர்ப்பின் அடிப்படையன்று. வல்லுநர் தேறியது குடிமகன் தேறியதாகாது என்பதே அதன் அடிப்படை.

தமிழ்ப் புனைகதையிலும் இச்சிக்கல் இடம்பெற்றுள்ளது. பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற சுசாதா (1935–2008), 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதை, 2020-களில் நிகழும் ஒரு சர்வாதிகார ஆட்சியைக் காட்டுகின்றது. மக்கள் போற்றும் தலைவர் சீவா மெய்யான மனிதரல்லர், எந்திரத்தால் உண்டாக்கப்பட்ட தோற்றம் என்பது கதையின்போக்கில் வெளிப்படுகின்றது. அந்நாட்டில் மக்கள் தேறுகின்றனர். நாடுவதற்கு வழி அவர்களுக்கு இல்லை. நிலாவுக்குத் துணையாகும் சீனோ என்னும் எந்திர நாயோ, தன் சொல்லாலும் செயலாலும் வாசகரின் நம்பிக்கையைப் பெறுகின்றது. எந்திரம் என்பதனால் ஒன்று தேறத்தகாததாகவோ தேறத்தக்கதாகவோ ஆவதில்லை. அதனை ஆராயும் வழி மக்களிடம் உள்ளதா என்பதே வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றது. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர்தம் செயலே உரைகல் என்னும் குறட்கருத்தின் (505) புனைகதை வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: திருக்குறளின் அரசியல் அதிகாரங்கள் தேறுதலுக்கு முன் கடுமையான சோதனை, தற்சார்புடைய சான்றுகளின் ஒப்பீடு, தேறத்தக்க செயலின் வரையறை, தேறிய பின்னும் நாள்தோறும் நாடுதல் ஆகிய நான்கையும் ஒரு முறைமையாக வகுக்கின்றன. ஐயுறுதலினின்றும் நாடுதலைப் பிரித்தறிந்தால், எந்திரத்தைச் சரிபார்க்கக் கோருவோர் மக்களாட்சியின் எதிரிகள் என்பதும், எந்திரத்தை ஏற்போர் அனைவரும் ஏமாற்றப்பட்டோர் என்பதும் ஒருசேரத் தவறாதல் விளங்கும். ஆராயும் உரிமை மன்னனிடமிருந்து குடிமக்களுக்கு வந்தடைய வேண்டும் என்பது வள்ளுவர் கூறாதது. அவர் கூறியவற்றின்மேல் இக்காலம் சேர்க்க வேண்டியது.

புதிய கருவி ஒவ்வொன்றையும் பழைய நூலில் முன்னரே கண்டதாகக் காட்ட முனையும் ஆய்வுப்போக்கினால் நூலுக்கும் பெருமையில்லை, கருவியும் விளங்குவதில்லை. நூல் வகுத்த நெறியைக் கருவியின்மேல் வைத்து உரைத்துப் பார்ப்பதும், போதாத இடத்தை மறையாது கூறுவதுமே தமிழாய்வு இத்துறைக்கு அளிக்கக்கூடிய பங்களிப்பாகும். செயற்கை நுண்ணறிவால் எடுக்கப்படும் முடிவுகள் ஓய்வூதியம், கடன், கைது என வாழ்வின் பல கூறுகளையும் தொடத் தொடங்கியுள்ள இந்நாளில், தெரிந்து வினையாடல், ஒற்றாடல் ஆகிய அதிகாரங்கள் இந்நோக்கில் விரிவாக ஆராயப்பட வேண்டியவையாகும்.